பழைய சட்டைக்குப் புதுப் படம்: கோபன்ஹேகன் முதல் ஹெர்னிங் வரை

கோபன்ஹேகனின் நோரெப்ரோ பகுதிக்குப் போகிறவர் சைக்கிள்களை எதிர்பார்த்துப் போவார், அவை இருக்கும். எதிர்பாராமல் கண்ணில் படுபவை பழைய துணிக் கடைகள். பகுதியின் பெருந்தெருவில் சில, ராவ்ன்ஸ்போர்க் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு நடுவே சில, யேகர்ஸ்போர்க் தெருவின் சிறு கடைகளுக்கு இடையே சில. இவற்றில் ஒரு வகை, 'விண்டேஜ்' என்று பெயர் சூட்டிக்கொண்டு பழைய தோல் ஜாக்கெட்டுகளையும் லீவைஸ் ஜீன்ஸையும் பொறுக்கியெடுத்து விற்கும் வணிகக் கடை. மற்றது தொண்டு அமைப்புகள் நடத்துவது. செஞ்சிலுவைச் சங்கம், சால்வேஷன் ஆர்மி, 1912இல் தொடங்கிய கிர்கென்ஸ் கோர்ஸ்ஹெர் போன்ற அமைப்புகளின் கடைகள் தலைநகரில் மட்டுமல்ல, ரயில் நின்று போகும் சிறிய ஊர்களிலும் உண்டு. செஞ்சிலுவைச் சங்கத்துக்கு மட்டும் இருநூறு கடைகளுக்கு மேல். மக்கள்தொகை அறுபது லட்சத்தை ஒட்டியிருக்கும் நாட்டுக்கு இது சிறிய எண்ணிக்கை இல்லை. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அநேகமாக ஓய்வுபெற்ற பெண்மணியாக இருப்பார்; சம்பளம் கிடையாது. ஏறக்குறைய எல்லாப் பொருளுக்கும் 25 சதவீத மதிப்புக்கூட்டு வரி போடும் நாடு, தானமாக வந்த பொருளைச் சம்பளமில்லாத தொண்டர்களை வைத்து விற்று லாபத்தை அறப்பணிக்குக் கொடுக்கும் கடைக்கு அந்த வரியை விலக்கி வைத்திருக்கிறது. அதனால்தான் கோபன்ஹேகனில் ஒரு கோப்பை காபிக்கு ஆகும் காசில் இங்கே ஒரு நல்ல பருத்திச் சட்டை கிடைத்துவிடுகிறது.

இந்தக் கடைக்குள் நுழையும் தமிழருக்குச் சிறு தயக்கம் வரக்கூடும். அண்ணன் சட்டையைத் தம்பி போடுவதும், பிறந்த குழந்தையைத் தாத்தாவின் பழைய வேட்டியில் சுற்றுவதும் நமக்குப் புதிதல்ல. ஆனால் அவை வீட்டுக்குள் நடப்பவை. முன்பின் தெரியாதவர் உடுத்தியதைக் காசு கொடுத்து வாங்குவது வேறு. அதிலும் அந்த ஆள் உயிரோடு இல்லை என்றால் கேட்கவே வேண்டாம். டேனிஷ் தொண்டுக் கடைகளுக்கு வரும் சரக்கில் கணிசமானது இறந்தவர்களின் வீடுகளை ஒழிக்கும்போது வருவது. நம் ஊரில் பழந்துணி வெளியே போகும் வழி வேறாக இருந்தது: தெருவில் வரும் பாத்திரக்காரரிடம் நான்கு புடவையும் இரண்டு பேண்ட்டும் போட்டு ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கிக்கொள்வோம். துணி எங்கே போயிற்று, யார் உடுத்தினார் என்று யாரும் கேட்டதில்லை. டேனியர்களோ அந்தப் பரிமாற்றத்தைக் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால், விலைச்சீட்டோடு, வெளிச்சத்தில் வைத்துவிட்டார்கள். அமைச்சரகத்தில் வேலை பார்ப்பவரும் மாணவரும் ஒரே கம்பியில் தொங்கும் கோட்டுகளைத் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம்; யாரும் யாரையும் தாழ்வாக நினைப்பதில்லை. கோடைச் சனிக்கிழமைகளில் ஃப்ரெடெரிக்ஸ்பெர்க் நகரமன்றத்தின் பின்புறம் கூடும் பழம்பொருள் சந்தைக்குப் போனால், வசதியான குடும்பத்தார் தங்கள் அலமாரியை மேசைமேல் கொட்டி விற்பதைப் பார்க்கலாம். கூச்சம் விட்டுப்போனதை இந்த நாட்டின் உண்மையான சாதனையாகவே எண்ணுகிறேன். அதைச் சொல்லிவிட்டே மற்றதைச் சொல்ல வேண்டும்.

மற்றது கைபேசியில் இருக்கிறது. டேனியர்கள் பழையதை ஒருவருக்கொருவர் விற்பது இணையத்தோடு வந்த பழக்கமில்லை. 'டென் ப்ளோ ஆவிஸ்' என்ற வரிவிளம்பரப் பத்திரிகை அதற்கென்றே நடந்து, பின் இணையத்துக்கு மாறி, 2008இல் ஈபே நிறுவனத்தின் கைக்குப் போனது. துணிக்கென்று 'டிரெண்ட்சேல்ஸ்' என்ற உள்நாட்டுத் தளம் பல்லாண்டு ஓடியது. 2023இல் லித்துவேனியாவின் 'விண்டட்' டென்மார்க்குக்குள் வந்தது; அடுத்த ஆண்டே டிரெண்ட்சேல்ஸை வாங்கிவிட்டது. வில்னியஸ் நகரில் 2008இல் தொடங்கிய இந்த நிறுவனம் 2024இல் ஐரோப்பா முழுவதிலும் சேர்த்து 81 கோடி யூரோவுக்கு மேல் வருவாய் காட்டியது. விற்பவரிடம் கட்டணம் வாங்குவதில்லை; வாங்குபவர்தான் பாதுகாப்புக் கட்டணம் என்று சிறு தொகை சேர்த்துக் கொடுக்கிறார். விற்பவருக்கு ஆகும் செலவு நேரமும் படமும் மட்டுமே. ஆகவே படம் எடுப்பது ஒரு வீட்டுத் தொழிலாகியிருக்கிறது. காலையில் தொண்டுக் கடையில் கம்பி கம்பியாகத் துழாவி நல்ல கம்பளி ஸ்வெட்டர் ஒன்றைக் கண்டெடுப்பது, வீட்டில் பஞ்சு உருண்டைகளைச் சவரம் செய்வதுபோல் நீக்குவது, நீராவி இஸ்திரி போடுவது, வெள்ளைச் சுவரில் ஹேங்கரில் மாட்டி சன்னல் வெளிச்சத்தில் முன்பக்கம், பின்பக்கம், கழுத்துச் சீட்டு, சலவைச் சீட்டு என்று வரிசையாகப் படம் பிடிப்பது, அக்குளுக்கு அக்குள் அளந்து எழுதுவது. டிசம்பர் மாதம் கோபன்ஹேகனில் பகல் ஏழு மணி நேரம்தான். மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மஞ்சள் விளக்கில் எடுத்தால் நீலம் சாம்பலாகத் தெரியும், வாங்கியவர் திருப்பி அனுப்புவார். குளிர்காலத்தில் இந்தத் தொழிலுக்குச் சூரியனே மேலாளர்.

விற்பனைப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால் இரண்டு விதமான படங்கள் இருப்பது தெரியவரும். ஒரு விதத்தைச் சாட்சிப் படம் என்பேன். கைமுட்டியில் தேய்ந்த இடம், அக்குளில் மங்கிய கறை, விட்டுப்போன பொத்தான், பக்கத்தில் அளவுநாடா. இந்தத் துணி இன்னதுதான் என்று வாங்குபவரிடம் ஒப்புக்கொள்ளும் படம் அது. மற்றது ஆசைப் படம்: கண்ணாடி முன் உடுத்திக்கொண்டு, பின்னணியில் மெழுகுவர்த்தியும் மர நாற்காலியும் வைத்து, இதை வாங்கினால் இந்த வாழ்க்கையும் சேர்ந்து வரும் என்று சொல்வது. ஒரே ஆள் ஒரே சட்டைக்கு இரண்டையும் எடுப்பதுண்டு. முதல் படமாக ஆசைப் படமே வரும், சாட்சிப் படம் கடைசியில் வரும். விரலால் தள்ளிக்கொண்டே போனால்தான் கறையைப் பார்க்க முடியும். இந்த வேறுபாட்டை நான் பெரிதுபடுத்துவதாகத் தோன்றலாம். ஆனால் பழைய துணி விற்பதால் உலகத்துக்கு நன்மை உண்டா இல்லையா என்ற கேள்விக்கு விடை, அந்தச் சட்டை எந்த விதப் படத்தால் விற்றது என்பதில் இருக்கிறது என்பதே என் வாதம்.

காரணத்தைச் சொல்கிறேன். பழைய சட்டை ஒன்று கை மாறுவதால் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீரும் மிச்சமாவதில்லை. வாங்கியவர் அதற்குப் பதிலாக ஒரு புதுச் சட்டையை வாங்காமல் விட்டால்தான் மிச்சம். இதை அளந்து பார்த்தவர்கள் டென்மார்க்கிலேயே இருக்கிறார்கள். கோபன்ஹேகனுக்கு வடக்கே லிங்பி என்ற ஊரில் இருக்கும் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரா ஃபாரன்ட், ஸ்டிக் இர்விங் ஓல்சன், ஆர்னே வாங்கெல் ஆகிய மூவரும் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பழைய துணி வாங்குகிறவர்களிடம் கேட்டு அவர்கள் கணித்தது: 100 பழைய துணி வாங்கப்பட்டால், அது எங்கே உடுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்து, 60 முதல் 85 புதுத் துணிகள் வாங்கப்படாமல் போகின்றன. சேகரிக்கவும் பிரிக்கவும் ஏற்றி அனுப்பவும் ஆகும் சுமை, மிச்சமாவதோடு ஒப்பிட்டால் அற்பம் என்றும் கண்டார்கள். பழைய துணியின் பக்கம் நின்று பேசுகிற எவருக்கும் இது பலமான ஆதாரம். அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது: நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பது வரை யாருடைய தேவையையும் தீர்க்கவில்லை. அலமாரியில் கூடுதலாக ஏறியவை அவை. இதைவிட முக்கியம், இந்த எண் துணியின் குணத்தைச் சொல்வதல்ல, வாங்குபவரின் மனநிலையைச் சொல்வது. மனநிலை மாறினால் எண்ணும் மாறும். 2010இல் பழைய துணி வாங்கப் பெரும்பாலும் கடைக்குப் போக வேண்டியிருந்தது. கடைக்கு ஒரு பூட்டு இருந்தது, சாயங்காலம் சாத்தினார்கள். படுக்கையில் இரவு பதினொரு மணிக்குப் புரட்டும் பக்கத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

சாட்சிப் படத்தால் வாங்குகிறவர் பெரும்பாலும் எதையோ தேடி வந்தவர். நூறு சதவீதக் கம்பளி, இந்த மார்பளவு, கருநீலம், குளிருக்கு முன்னால் வேண்டும் என்று வடிகட்டித் தேடி, கறையையும் பார்த்து, பரவாயில்லை என்று வாங்குகிறார். அவர் புதுக் கடைக்குப் போக மாட்டார். அந்தக் கணக்கில் 85இன் பக்கம் நிற்கிறார். ஆசைப் படத்தால் வாங்குகிறவர் எதையும் தேடி வரவில்லை. சட்டை அவரைத் தேடி வந்தது. அது ஏற்கெனவே பழையது என்பதால் குற்ற உணர்வும் இல்லை. விற்பவர் பக்கமும் இதேதான். புதுக் கடையில் தயங்கி நிற்கும்போது, பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம் என்ற எண்ணம் கையைத் தூண்டுகிறது. விற்ற காசு அடுத்த புதுத் துணிக்குப் போகிறது. அப்போது பழைய துணிச் சந்தை புதுத் துணிச் சந்தைக்கு எதிரியாக இராமல் அதன் பின்வாசலாகிவிடுகிறது. ஃபாரன்ட் குழுவின் கணக்கு வாங்குபவரைக் கேட்டது. விற்றவர் அந்தக் காசை என்ன செய்தார் என்பது அதற்குள் வராது.

இதற்கு உடனே வரும் மறுப்பு, கடை கடையாகப் பொறுக்கிப் படமெடுத்து விற்பவர்களையே குற்றம் சொல்லலாமே என்பது. ஏழைகளுக்கென்று ஐம்பது குரோனருக்கு வைத்த ஸ்வெட்டரை எடுத்து முந்நூறுக்கு விற்கிறார்கள், தொண்டு நிறுவனத்துக்குச் சேர வேண்டிய பணத்தைத் தட்டிப் பறிக்கிறார்கள் என்ற முறுமுறுப்பு பல நாடுகளில் உண்டு. நான் இதை ஏற்கவில்லை. ஏழைக்குத் தேவை ஒரு சூடான ஸ்வெட்டர். கழுத்துச் சீட்டில் பெயர் போட்ட ஸ்வெட்டர் அல்ல. அப்படிப்பட்டது டேனிஷ் கடைகளில் கம்பி வளையும் அளவுக்குத் தொங்குகிறது. குவியலில் கிடந்த தரத்தைக் கண்டுபிடித்து, குறையைக் கழுவி, அளந்து, தக்க ஆளிடம் சேர்ப்பது உழைப்புத்தான். அதற்குக் கூலி கேட்பதில் பிழையில்லை. அரசும் இதை வியாபாரமாகவே பார்க்கத் தொடங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, ஆண்டுக்கு 30 விற்பனையைத் தொட்டவர் அல்லது 2,000 யூரோவைத் தாண்டியவர் கணக்கை இணையதளங்கள் வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். 2023 முதல் நடைமுறை. தன் அலமாரியை ஒழிப்பவர் பயப்படத் தேவையில்லை. லாபத்துக்கென்றே வாங்கி விற்பவர் வரி கட்ட வேண்டும். இது நியாயம்.

நியாயமான கவலை வேறொன்று. முன்பு அலமாரியை ஒழித்த டேனியர், நல்லதையும் கெட்டதையும் ஒரே பையில் போட்டுத் தொண்டுக் கடையில் வைத்தார். நல்லதை விற்ற காசில் கெட்டதைக் கையாளும் செலவு கழிந்தது. இப்போது நல்லதைப் படமெடுத்து அவரே விற்றுக்கொள்கிறார். படத்துக்கு நிற்காதது மட்டும் பையில் போகிறது. 2023 ஜூலை 1 முதல் டென்மார்க்கில் கிழிந்த, கறைபட்ட துணியைக் குப்பையில் போடாமல் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும், அதை நகராட்சி எடுத்துக்கொள்ள வேண்டும். உடுத்தக்கூடியது தொண்டு அமைப்புக்கு, உடுத்த முடியாதது நகராட்சிக்கு என்பது ஏற்பாடு. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய குவியல் இருக்கிறது: கிழியவில்லை, யாருக்கும் வேண்டவும் வேண்டாம். இரண்டு சலவையில் முறுக்கிக்கொண்ட பாலியஸ்டர் மேல்சட்டைகள், போன வருடத்து நிறங்கள். அவை ஏற்றுமதியாகின்றன. கோபன்ஹேகனின் பெரிய சதுக்கமான கோங்கென்ஸ் நிடோர்வில்தான் ஐரோப்பிய சுற்றுச்சூழல் முகமையின் தலைமையகம் இருக்கிறது. அந்த முகமை 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியே போன பழைய துணி 2000இல் ஐந்தரை லட்சம் டன்னுக்குச் சற்று அதிகம்; 2019இல் ஏறத்தாழ பதினேழு லட்சம் டன். அந்த ஆண்டு 46 சதவீதம் ஆப்பிரிக்காவுக்கும் 41 சதவீதம் ஆசியாவுக்கும் போனது. ஆசியா என்றால் நாமும்தான். இந்தியாவில் பழைய துணியை உரிமமில்லாமல் இறக்கி விற்க முடியாது. குஜராத்தின் கண்ட்லா சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் பிரித்து மறுபடி ஏற்றுமதி செய்கிறார்கள், வெட்டிச் சிதைக்கப்பட்ட கம்பளித் துணி ஹரியானாவின் பானிப்பட்டுக்குப் போய் நூலாகி மலிவான போர்வையாகிறது. டென்மார்க்கின் பசுமைப் பெருமை முன்பக்கப் படமென்றால், கண்ட்லாவில் இறங்கும் மூட்டை அக்குள் கறை.

துணி எங்கே போகிறது என்பதைக் கோபன்ஹேகனில் பார்க்கலாம். எங்கிருந்து வந்தது என்று அறிய மேற்கே யூட்லாந்துக்குப் போக வேண்டும். ரயில் பெருநீரிணைப் பாலத்தைத் தாண்டி, ஓடன்சே வழியாக வைலே சென்று, அங்கிருந்து சிறு பாதையில் திரும்புகிறது. ஆயிரம் ஆண்டுப் பழைய கல்வெட்டுகள் நிற்கும் யெல்லிங், அடுத்து கீவ், அடுத்து பிராண்டெ. பிராண்டெ ஒரு சிறிய ஊர். வேரோ மோடா, ஜேக் அண்ட் ஜோன்ஸ், ஒன்லி என்று சென்னை மால்களில் நாம் பார்க்கும் பெயர்களுக்கெல்லாம் சொந்தக்காரரான பெஸ்ட்செல்லர் நிறுவனத்தின் தலைமையகம் இங்கே. இந்தச் சமவெளியில் 320 மீட்டர் உயரக் கோபுரம் எழுப்ப ஒரு காலத்தில் திட்டம் போட்டார்கள், எழும்பவில்லை. அதே ஊரில் ஈழத் தமிழர்கள் கட்டிய அபிராமி அம்மன் கோயில் இருக்கிறது. சற்றுத் தள்ளி ஹெர்னிங்கில் சித்திவிநாயகர். எண்பதுகளில் ஏதிலிகளாக வந்த தமிழர்கள் யூட்லாந்தின் இத்தகைய ஊர்களில் குடியமர்த்தப்பட்டார்கள். (அவர்களுடைய குடும்பங்களை உள்ளே விடாமல் நீதியமைச்சர் இழுத்தடித்த விவகாரத்தில்தான் 1993 ஜனவரியில் போல் ஷ்லூட்டரின் அரசு பதவி விலகியது, டேனிஷ் அரசியலில் அதற்கு 'தமிழர் வழக்கு' என்றே பெயர்.) டேனிஷ் ஆடை வியாபாரத்தின் தலைமையிடத்தில் ஓர் அம்மன் கோயில் இருப்பதைத் தமிழ்ப் பயணி சும்மா கடந்துபோக மாட்டார்.

ஹெர்னிங்தான் இந்தக் கதையின் மையம். மண் வளமில்லாத புதர்க்காட்டுப் பகுதி இது. விவசாயம் பற்றாமல், ஆட்டு மயிரைக் காலுறையாகப் பின்னி, முதுகில் சுமந்து ஊர் ஊராக விற்றவர்களின் ஊர். அந்தக் கைப்பின்னலிலிருந்து எந்திரப் பின்னலாடைத் தொழில் வளர்ந்து, ஹெர்னிங்கும் பக்கத்து இகாஸ்ட்டும் டென்மார்க்கின் பின்னலாடை வட்டாரமாயின. அறுபதுகளில் ஓகெ டாம்கார்ட் என்ற சட்டை ஆலை முதலாளி, சட்டைக் காலர்போல் வட்டமாக ஓர் ஆலை கட்டினார்; அதற்கு முன்பே பியரோ மன்சோனி என்ற இத்தாலியக் கலைஞரை அழைத்துத் தன் ஆலையில் வேலை செய்ய விட்டார். அந்த வட்டக் கட்டடம் பின்னர் கலைக்கூடமானது. இன்று அதன் எதிரே, ஸ்டீவன் ஹோல் வடிவமைத்து 2009இல் திறக்கப்பட்ட 'ஹார்ட்' அருங்காட்சியகம் நிற்கிறது. மேலிருந்து பார்த்தால் கூரைகள் உதறிப்போட்ட சட்டைக் கைகள்போல் தெரியும். சட்டை தைப்பவர்தான் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் தையல் வேலை கூலி குறைந்த நாடுகளுக்கு, முதலில் ஐரோப்பாவின் ஓரங்களுக்கும் பிறகு ஆசியாவுக்கும், நகர்ந்துவிட்டது. வடிவமைப்பும் வணிகமும் இங்கே தங்கின.

பின்னலாடை என்று சொன்னதுமே தமிழ் வாசகருக்குத் திருப்பூர் நினைவுக்கு வந்திருக்கும். ஹெர்னிங் விட்டுக்கொடுத்த வேலையைச் செய்யும் ஊர்களில் அதுவும் ஒன்று. அந்த வேலையின் விலையும் நமக்குத் தெரியும். சாயப்பட்டறைக் கழிவால் நொய்யல் கெட்டது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீரைத் தேக்கும் குட்டையானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகுதான் கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்குத் திருப்பூர் பெரும் செலவில் மாறியது. ஒரு சட்டையின் சுமை எங்கே விழுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். பருத்தி விளையும் இடத்திலும் நூலுக்குச் சாயம் ஏறும் இடத்திலும்தான் அது விழுகிறது. கோபன்ஹேகனில் சட்டையை எத்தனை பேர் கைமாற்றினாலும் நொய்யலுக்கு அதனால் ஒன்றும் இல்லை; அங்கே ஒருவர் புதுச் சட்டை வாங்காமல் விட்டால் உண்டு.

அப்படியானால் திருப்பூரின் பிழைப்பு? டேனியர்கள் எல்லாரும் பழையதையே உடுத்தினால் பனியன் கம்பெனிக்கு ஆர்டர் எங்கிருந்து வரும்? நம்மவர் எழுப்பக்கூடிய மறுப்புகளில் இதுதான் கனமானது. லட்சக்கணக்கான பேருக்கு அது அடுப்பெரியும் கேள்வி. ஐரோப்பாவில் உட்கார்ந்துகொண்டு அதை அலட்சியமாகத் தட்டிவிட முடியாது. ஆனால் ஆர்டர் எண்ணிக்கையும் தொழிலாளியின் வருமானமும் ஒன்றல்ல. மூன்று முறை உடுத்தித் தூக்கியெறியும் சட்டைக்கு வாங்குபவர் கொடுக்கும் விலை மிகக் குறைவு. அந்தக் குறைவை ஈடுகட்டத் தையல்காரர் வேகமாகத் தைக்க வேண்டும், சாயப்பட்டறை செலவைக் குறைக்க வேண்டும். பத்து ஆண்டு உழைத்து இரண்டு முறை கைமாறக்கூடிய சட்டைக்கு நூல் கனமாக வேண்டும், தையல் நெருக்கமாக வேண்டும், விலையும் கூட வேண்டும். எண்ணிக்கை குறைந்து விலை கூடினால் கூலி தானாகக் கூடிவிடும் என்று நான் சொல்லவில்லை. அதற்குத் தொழிற்சங்கமும் சட்டமும் வேண்டும். ஆனால் விலையே இல்லாத சட்டையில் கூலிக்கு இடமே இல்லை. மறுவிற்பனைச் சந்தை இந்த இடத்தில் ஓர் உதவி செய்கிறது: எந்தச் சட்டை ஐந்து ஆண்டுக்குப் பின்னும் விலைபோகிறது, எது இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்க ஆளில்லை என்பதைப் பகிரங்கமாகக் காட்டிவிடுகிறது. கம்பெனிகளின் விளம்பரம் சொல்லாததை அந்த விலைப்பட்டியல் சொல்லும். சாட்சிப் படங்கள் நிறைந்த சந்தையில்தான் அந்தப் பட்டியலை நம்பலாம்.

எரிப்பதைவிட எப்படி விற்றாலும் மேல்தானே என்பது கடைசி மறுப்பு. டென்மார்க்கில் எரிப்பது வெறும் பேச்சில்லை. குப்பையை எரித்து வீடுகளுக்கு வெப்பம் அனுப்பும் நாடு இது. கோபன்ஹேகனின் அமாகெர் எரிவுலையின் கூரையில் 2019 முதல் பனிச்சறுக்கு விளையாடுகிறார்கள், சுற்றுலாப் பயணிகள் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 2017இல் டிவி2 தொலைக்காட்சியின் 'ஆபரேஷன் எக்ஸ்' நிகழ்ச்சி, எச்அண்ட்எம் நிறுவனம் 2013 முதல் ஆண்டுக்குச் சராசரி 12 டன் விற்காத புதுத்துணியை ரோஸ்கில்டேயில் எரித்தது என்று சொன்னது. பூஞ்சை பிடித்ததும் ரசாயனச் சோதனையில் தேறாததும்தான் எரிக்கப்பட்டன என்று நிறுவனம் விளக்கியது. எது சரியாக இருந்தாலும் அந்தச் செய்தி ஒரு கூச்சத்தை உண்டாக்கியது. 2023 முதல் கோபன்ஹேகன் ஃபேஷன் வீக்கில் பங்கேற்கும் நிறுவனங்கள் விற்காத துணியை அழிக்கக் கூடாது என்பதும் நிபந்தனைகளில் ஒன்று. ஆம், எரிப்பதைவிட விற்பது மேல். ஆனால் எரிப்பதோடு ஒப்பிட்டால் எதுவும் மேலாகத்தான் தெரியும். ஒப்பிட வேண்டியது, முதலிலேயே தைக்காமல் விட்டிருக்கக்கூடிய சட்டையோடு.

நம் ஊரிலும் இந்தப் பழக்கம் வந்துவிட்டது. 2020 பொதுமுடக்கத்தின்போது இன்ஸ்டாகிராமில் 'த்ரிஃப்ட்' பக்கங்கள் முளைத்தன. திருப்பூர் காதர்பேட்டையின் ஏற்றுமதி மிச்சத்தைப் படமெடுத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் இறங்க நினைக்கும் இளைஞர்கள் டேனியர்களிடமிருந்து கூச்சமின்மையைக் கற்கலாம், அளவு எழுதும் ஒழுங்கைக் கற்கலாம். மெழுகுவர்த்தியும் நாற்காலியும் அவர்களோடே இருக்கட்டும். கறையின் படத்தை முதல் படமாகப் போடுங்கள். விற்பனை கொஞ்சம் குறையும், திரும்பி வரும் பார்சலும் குறையும். டென்மார்க்கிடம் கேட்க வேண்டியதும் அதுவே: ஆண்டுக்கு எத்தனை டன் புதுத்துணி இறக்கினோம், எத்தனை டன் பழையதை எந்தத் துறைமுகத்துக்கு அனுப்பினோம் என்ற இரண்டு எண்களையும் கடை வாசலிலேயே எழுதிவைக்கட்டும். 2026 ஜூலை 19 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரிய நிறுவனங்கள் விற்காத ஆடைகளை அழிக்கச் சட்டப்படி தடை. நடுத்தர நிறுவனங்களுக்கு 2030 முதல். எத்தனை ஆடை தைக்கலாம் என்பதற்கு அந்தச் சட்டத்தில் வரம்பு எதுவும் இல்லை.